சத்திர வைத்திய சரித்திரம் – 17: வயிற்றைத் திறவாத வழி

பித்தப்பையைச் சிறு துளைகளின் மூலமாகவே வெளியில் எடுத்துவிடும் வித்தையை 1985-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேப்லிங்கன் நகரத்தில் எரிக் மூயே என்பவர் செய்துகாட்டியதையும், அதற்காக அவர் தம் சகாக்களிடம் பட்ட ஏளனத்தையும், பின்னர் பிரெஞ்சு வைத்தியர்களின் கைக்கு வந்த அதே வித்தை சில ஆண்டுகளுக்குள் உலகத்து ஆஸ்பத்திரிகளையெல்லாம் ஆட்கொண்டுவிட்டதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கல் நிறைந்த பித்தப்பையை எந்த வழியாக எடுத்தாலென்ன, எடுத்துவிட்டால் அதோடு தொல்லை தீர்ந்தது. வயிற்றில் ஒரு சாண் தழும்பு இருக்கிறதா, விரற்கடைத் தழும்புகள் நான்கு இருக்கின்றனவா என்பது மட்டுமே பாக்கி. ஆனால் புற்றுநோயின் சுபாவம் அத்தகையதன்று. வெட்டியெடுக்கும்போது ஒரு துணுக்கு சிந்தினாலும் அது சிந்திய இடத்திலே வேர்கொண்டு, நோயாளியும் வைத்தியரும் வெற்றி கிட்டிவிட்டதென்று நம்பியிருக்கும் காலத்தில், ஓராண்டோ ஈராண்டோ கழித்து மீண்டும் தலைகாட்டும் கொடுமை அதற்கு உண்டு. இந்த வேற்றுமையை மறந்துவிட்டு, பித்தப்பைக்கு நல்லது கருப்பைவாய்ப் புற்றுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் நம்பியிருந்த ஒரு துறையின் வரலாறே இந்த அத்தியாயம்.

வியன்னாவின் இரண்டு வழிகள்

கருப்பையின் வாயில் தோன்றும் புற்று, தொடக்க நிலையில், நான்கு சென்டிமீட்டருக்கு மிகாமல் அந்த வாயோடு மட்டும் நிற்கும் காலத்தில், கத்திக்குக் கட்டுப்படக்கூடியது. ஆயினும் கருப்பையை மட்டும் எடுத்துவிட்டால் போதாதென்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்தியர்கள் கசப்பான அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். 1878-ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் நகரத்தில் வில்ஹெல்ம் அலெக்சாண்டர் ஃபிராயிண்ட் வயிற்றைத் திறந்து, புற்றுக்கண்ட கருப்பையை முழுவதுமாக எடுத்தார். அவரைப் பின்பற்றிச் செய்யப்பட்ட அறுவைகளில் பெரும்பாலான நோயாளிகள் மேஜையிலோ படுக்கையிலோ உயிர்விட்டார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு நோய் விரைவிலேயே திரும்பியது. கருப்பையின் இரு புறமும் அதை இடுப்பெலும்போடு பிணைத்து நிற்கும் திசுக்களிலும், அதற்கப்பால் உள்ள நிணநீர்க் கணுக்களிலும் புற்று முன்னதாகவே இறங்கிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம்.

1898-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் என்னும் முப்பத்துநான்கு வயது வைத்தியர், கருப்பையோடு அந்தப் பக்கத் திசுக்களையும், யோனியின் மேற்பகுதியையும், பருத்துத் தோன்றிய கணுக்களையும் ஒரே பிண்டமாக எடுக்கும் தம்முடைய விரிந்த அறுவையை முதன்முதலாகச் செய்தார். சொல்லுவதற்கு எளிதாயிருக்கும் இக்காரியம் செய்வதற்கு எத்துணைக் கடினமானதென்பதை உணர வேண்டுமானால், சிறுநீரகத்திலிருந்து இறங்கிவரும் சிறுநீர்க் குழாய் எடுக்கப்பட வேண்டிய அந்தத் திசுவுக்குள்ளேயே புகுந்து, கருப்பையின் இரத்தக் குழாய்க்கு அடியில் நுழைந்து செல்லுகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நூலிழை தவறினால் குழாய் அறுந்து சிறுநீர் வயிற்றுக்குள் கசியும், அல்லது இரத்தம் பெருகி மேஜை நனையும். இரத்தத்தில் வகைகள் உண்டென்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் அதே நகரத்தில் வெளியிடுவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. கிருமிகளை வெல்லும் பென்சிலினோ தொலைதூரத்துக் கனவு. ஆகவே வெர்ட்ஹைமின் தொடக்க நாட்களில் அவரிடம் வந்தவர்களில் பத்துக்கு மூவர் அளவில் அறுவையினாலேயே மாண்டார்கள் என்பதில் வியப்பில்லை. ஐந்நூறு அறுவைகளின் விவரங்களைத் தொகுத்து 1911-இல் அவர் நூலாக வெளியிட்ட காலத்தில் அந்தச் சாவு விகிதம் பத்துக்கு ஒருவராகக் குறைந்திருந்தது. அந்த முன்னேற்றம் முழுவதும் பதின்மூன்று ஆண்டுக் கைப்பழக்கத்தினால் விளைந்ததே.

அவருடைய குருவான ஃபிரீட்ரிஷ் ஷவுட்டா இந்த வழியை ஒப்பவில்லை. வயிற்றைத் திறப்பதினாலேயே இத்தனை மரணம் நேருகிறதென்றும், கணுக்களில் இறங்கிவிட்ட நோயை எந்த அறுவையும் தீர்க்கப்போவதில்லையென்றும் கருதிய அவர், அதே விரிந்த அறுவையை யோனியின் வழியாகவே செய்யும் முறையை 1901 முதல் கையாண்டார். அவருடைய நோயாளிகளில் மாண்டவர்களின் தொகை குறைவு. ஆனால் கீழேயிருந்து கணுக்களை எட்டுவதற்கு மார்க்கமில்லை. ஒரே நகரத்தில், குருவும் சீடனுமாக இருந்து பின்பு மனம் கசந்துபோன இருவரும் எந்த வழி சிறந்ததென்று வாதாடிய அந்த விவாதம், இருவரும் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் வேறு வேஷத்தில் திரும்பி வருமென்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு சிறு விவரத்தைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். எல்லாவற்றிலும் மாறுபட்ட அந்த இருவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்திருந்தார்கள். வெர்ட்ஹைம், மேலேயிருந்து எல்லாப் பிணைப்புகளையும் விடுவித்து, கருப்பை யோனியின்மீது மட்டும் தொங்கி நிற்கும் தருணத்தில், உடனே கத்தியை வைத்துவிடமாட்டார். செங்கோணமாக வளைந்த பலமான கவ்விகளை, புற்று இருக்கும் இடத்துக்குக் கீழே, யோனிக்குக் குறுக்காக மாட்டி இறுக்குவார். அதன்பிறகே கவ்விகளுக்குக் கீழே வெட்டுவார். புற்று மூடிய உறைக்குள்ளிருந்தபடியே வெளியே வந்துசேரும். அதன் மேற்பரப்பு வயிற்றின் உட்புறத்தைக் கணமும் தொடுவதில்லை. அந்தக் கவ்விக்கு அவர் பெயரே நிலைத்தது. ஷவுட்டாவோ தம் அறுவையின் முதற் படியாகவே, புற்றுக்குக் கீழே யோனிச் சுவரைச் சுற்றிலும் கீறி, அதை ஒரு சட்டைக்கை போல் மேலே மடித்து, புற்றை உள்ளே வைத்து மூடிவிடுவார். மேலிருந்து வந்தவரும் கீழிருந்து போனவரும், திறந்த புற்றை வயிற்றுக்குக் காட்டக் கூடாதென்பதில் ஒரே கொள்கையினர்.

ரேடியத்தின் காலமும் கத்தியின் மறுவருகையும்

வெர்ட்ஹைம் முதல் அறுவை செய்த அதே 1898-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் பாரிஸில் கியூரி தம்பதிகள் ரேடியத்தின் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பாரிஸிலும் ஸ்டாக்ஹோமிலும் இருந்த ரேடிய நிலையங்கள் கருப்பைவாய்ப் புற்றுக்குக் கத்தியில்லாமலே சிகிச்சை செய்யும் முறைகளை வகுத்துவிட்டன. அறுவையால் நேரும் மரணம் அந்த முறைகளில் இல்லையாதலால், வெர்ட்ஹைமின் அறுவை மேற்கு நாடுகளில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதைக் கைவிடாமல் காத்தவர்கள் சிலரே. கியோட்டோவில் ஒகபயாஷி 1921-இல் அதை இன்னும் விரித்துச் செய்தார். கல்கத்தாவில் சுபோத் மித்ரா, அடிவயிற்றின் இரு புறமும் கீறி, வயிற்றின் உட்சவ்வைத் திறவாமலே கணுக்களை எடுத்துவிட்டு, பிறகு ஷவுட்டாவின் வழியே கருப்பையை எடுக்கும் முறையைக் கையாண்டு, 1960-இல் அதை நூலாக்கினார். வியன்னாவின் இரு கட்சிகளையும் ஒரே மேஜையில் சமாதானம் செய்துவைத்த முயற்சி அது. பாஸ்டனில் ஜோ வின்சென்ட் மெய்க்ஸ் 1944-இல் வெர்ட்ஹைமின் அறுவையோடு இடுப்புக் கணுக்கள் முழுவதையும் எடுப்பதைச் சேர்த்து வெளியிட்டபோது, இரத்த தானமும், தேர்ந்த மயக்க முறைகளும், கிருமிநாசினி மருந்துகளும் துணைக்கு வந்துவிட்டிருந்தன. அறுவையால் சாவோர் அரிதாயினர். அன்று முதல் தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுக்கு, வயிற்றைத் திறந்து செய்யும் விரிந்த கருப்பை நீக்கமே பாடப்புத்தகங்களில் முதலிடம் பெற்றது.

துளை வழி வந்த கண்

வயிற்றுக்குள் குழாயை விட்டுப் பார்க்கும் யோசனை பழையது. டிரெஸ்டனைச் சேர்ந்த கியோர்க் கெல்லிங் 1901-இல் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்துக் காட்டினார். ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயுஸ் 1910-இல் மனிதர்களிடம் அதைச் செய்தார். நெடுங்காலம் அது பார்ப்பதற்கான கருவியாக மட்டுமே இருந்தது. அதைச் செய்வதற்கான கருவியாக மாற்றியவர்களில் முதன்மையானவர் கீல் நகரத்துப் பெண்நோய் வைத்தியரான குர்ட் ஸெம். வயிற்றில் கரியமில வாயுவை அளவறிந்து செலுத்தும் இயந்திரம் முதல், உள்ளே தையலிட்டு முடிச்சிடும் கருவிகள் வரை பலவற்றை அவரே அமைத்தார். 1980-இல் குடல்வாலைத் துளை வழியே எடுத்தபோது, அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று சகாக்கள் ஐயுற்றார்கள்.

அந்த ஏளனம் பத்தாண்டுகளுக்குள் உற்சாகமாக மாறியது. அமெரிக்காவில் ஹாரி ரைச் 1988-இல் கருப்பையை இம்முறையில் எடுத்தார். பிரான்ஸில் லியோன் நகரத்து டானியேல் டார்ஜான், கணுக்களைத் துளை வழியே எடுத்துவிட்டுக் கருப்பையை ஷவுட்டாவின் வழியில் எடுத்தார். தெனி கெர்லே 1991-இல் இடுப்புக் கணுக்களைத் துளை வழியே எடுத்ததன் விவரங்களை வெளியிட்டார். அமெரிக்காவில் கம்ரான் நெஜாட்டும், கிளெர்மோன்-ஃபெரானில் மிஷேல் கனிஸும் விரிந்த அறுவை முழுவதையுமே துளைகளின் வழியாகச் செய்து முடித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் டா வின்சி ரோபோவுக்கு அனுமதி தந்தது. 2005-இல் பெண்நோய் அறுவைகளுக்கும் அது விரிந்தது. மறு ஆண்டே ஆஸ்லோவில் கருப்பைவாய்ப் புற்றுக்கான விரிந்த அறுவை ரோபோவின் துணையோடு செய்யப்பட்டது.

இந்த முறை எவ்வாறு அத்தனை மனங்களைக் கவர்ந்தது என்பதை அறிய, அந்த அறுவை அறையை ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். வயிறு வாயுவால் உப்பி நிற்கிறது. கால் பக்கம் உயர்ந்தும் தலைப் பக்கம் தாழ்ந்தும் மேஜை சாய்ந்திருக்க, குடல்கள் தாமாகவே மார்புப் புறம் சரிந்து இடுப்புக்குழியை விட்டு விலகிக் கிடக்கின்றன. தொப்புளில் நுழைந்த கண்ணாடிக் குழாய் திரையில் காட்டும் பிம்பத்தில், வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தோன்றும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் பல மடங்கு பெரிதாகத் தெரிகின்றன. வாயுவின் அழுத்தத்தாலேயே சிறு கசிவுகள் நின்றுவிடுகின்றன. திறந்த அறுவையில் அரை லிட்டர் இரத்தம் போகுமிடத்தில் இங்கே அதில் ஒரு பங்கே போகிறது. நோயாளி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எழுந்து நடக்கிறாள், வீட்டுக்குப் போகிறாள், தழும்பைக் காண்பதும் அரிது. இவையெல்லாம் அறுவை முடிந்த வாரத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் நன்மைகள். அறுவை செய்தவருக்கும் செய்துகொண்டவளுக்கும் அவை தெரிந்தன. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் கருவி செய்து விற்றவருக்கும் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

நோய் திரும்புகிறதா என்ற கேள்வியோ வாரத்தில் விடை கிடைக்கும் கேள்வியன்று. அதற்கும் விடை கிடைத்துவிட்டதாகவே அன்றைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் கூறின. ஆனால் அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை, துளை வழி அறுவை பெற்றவர்களின் பழைய குறிப்பேடுகளை, திறந்த அறுவை பெற்றவர்களின் குறிப்பேடுகளோடு பின்னோக்கி ஒப்பிட்டவை. இளையவர்களும், மெலிந்தவர்களும், புற்று சிறிதாக இருந்தவர்களும் புதிய முறைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது இயல்பு. திறந்த அறுவை செய்த காலமோ பழைய காலம். அத்தகைய ஒப்பீட்டில் இரு முறைகளும் சமம் என்று வருவதனால், புதிய முறை பழையதற்குச் சமம் என்று நிரூபணமாகிவிடாது. இந்தக் குறையை அறிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆயினும் கையில் கண்ட நன்மையின் முன்னே அவர்களுடைய குரல் ஓங்கவில்லை. 2010 முதல் 2013 வரையுள்ள காலத்தில் அமெரிக்காவில் இந்த நோய்க்காக விரிந்த அறுவை பெற்ற பெண்களில் சரிபாதிப் பேருக்குத் துளை வழியே அது நடந்தது. குலுக்கல் முறையில் நடத்தப்பட்ட ஒரு பெரிய பரீட்சையேனும் அதுவரையில் முடிந்திருக்கவில்லை.

பரீட்சை

அந்தப் பரீட்சையை நடத்த முன்வந்தவர்கள் துளை வழியின் விரோதிகள் அல்லர் என்பதே இந்த வரலாற்றின் சிறப்பு. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த பெட்ரோ ரமிரெஸ் தாமே இம்முறையில் அறுவை செய்து, அதன் விவரங்களைக் கட்டுரைகளாக எழுதிவந்தவர். அவரும் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஓபர்மைரும் கூடி 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய ஆராய்ச்சிக்கு லாக் பரீட்சை என்று பெயர். தொடக்க நிலைப் புற்றுடைய பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் திறந்த அறுவையும் மற்றதற்குத் துளை வழி அறுவையும் செய்து, நாலரை ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி வாழ்வோரின் விகிதத்தை ஒப்பிடுவது ஏற்பாடு. புதிய முறை பழையதைவிட மேலானது என்று காட்டுவது அவர்களுடைய நோக்கமன்று. பழையதற்குத் தாழ்ந்ததன்று என்று காட்டினாலே போதும். அதிலும் 7.2 சதவீதப் புள்ளிகள் வரை தாழ்ந்திருக்க இடம் விட்டே கணக்கை வகுத்திருந்தார்கள்.

கைத்திறன் குறைந்தவர்களால் முடிவு கெட்டுவிடக் கூடாதென்று, பங்கேற்க விரும்பிய மையங்கள் ஒவ்வொன்றும் துளை வழியில் செய்த பத்து நோயாளிகளின் விவரங்களையும், வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே எடுத்த இரண்டு அறுவைப் படங்களையும் அனுப்பித் தேர்ச்சி பெற வேண்டுமென்றும் விதித்தார்கள். 33 மையங்கள் சேர்ந்தன. 740 பெண்களைச் சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் 631 பேர் சேர்ந்திருந்த நிலையில், விவரங்களை இடையிடையே பரிசீலிக்கும் கடமையுள்ள தனிக்குழு, இரு பிரிவுகளுக்குமிடையே தோன்றிய வேற்றுமையைக் கண்டு, 2017 ஜூன் மாதத்தோடு புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாதென்று நிறுத்திவிட்டது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூ ஆர்லியன்ஸில் கூடிய பெண்நோய்ப் புற்று வைத்தியர்களின் மகாநாட்டில் ரமிரெஸ் முடிவை வாசித்தார். நவம்பரில் அது அச்சில் வந்தது. திறந்த அறுவை பெற்ற 312 பேரில் நோய் திரும்பியவர்கள் 7 பேர். துளை வழி அறுவை பெற்ற 319 பேரில் 27 பேர். இறந்தவர்கள் முதற் பிரிவில் 3 பேர். இரண்டாம் பிரிவில் 19 பேர். நாலரை ஆண்டு முடிவில் நோயின்றி இருப்போர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 96.5; துளை வழியில் 86. விட்டுவைத்த இடத்தையும் தாண்டி, வேற்றுமை 10.6 புள்ளிகளாக நின்றது. நோயாளிகளை முழுக் காலமும் தொடர்ந்து பார்த்து 2024-இல் வெளியிட்ட இறுதிக் கணக்கிலும் 96-க்கு 85 என்ற அளவில் அந்த இடைவெளி மாறவில்லை. உயிரோடிருப்போரின் விகிதமும் 96.2-க்கு 90.6 என்று தாழ்ந்தே இருந்தது.

பரீட்சையின் முடிவு முதலில் அச்சான அதே இதழில் அலெக்ஸாண்டர் மெலமெட் முதலிய பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 2,461 பெண்களின் விவரங்களை எடுத்து, நான்கு ஆண்டுகளுக்குள் இறந்தோர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 5.3 என்றும் துளை வழியில் 9.1 என்றும் காட்டியது. துளை வழி அந்நாட்டில் பரவத் தொடங்கிய 2006-ஆம் ஆண்டுக்குப் பிறகு, இந்த நோயாளிகளின் நான்காண்டு ஆயுள் விகிதம் ஆண்டுக்கு 0.8 சதவீதம் என்று குறைந்துகொண்டே வந்திருப்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாட்டின் பதிவேட்டில் அத்தனை காலமாக எழுதப்பட்டிருந்த இறக்கத்தை, யாரும் அந்தக் கேள்வியோடு அதைப் புரட்டிப் பார்க்காததால், யாரும் காணவில்லை.

முடிவைக் கேட்டவர்களில் பலர் முதலில் நம்ப மறுத்தார்கள். திறந்த அறுவையின் பலன் இந்தப் பரீட்சையில் வழக்கத்துக்கு மிஞ்சி நன்றாயிருக்கிறது என்றார்கள் சிலர். நோய் திரும்பிய நிகழ்ச்சிகள் 33 மையங்களில் 14 மையங்களிலேயே நேர்ந்திருப்பதால் குறை முறையிலன்று, கைகளில்தான் என்றார்கள் வேறு சிலர். இந்த ஆட்சேபங்களில் நியாயம் அறவே இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அவற்றையெல்லாம் பலவீனப்படுத்திய செய்தி, அதே பரீட்சையின் பின்வந்த பகுதிகளில் இருந்தது: அறுவையால் நேர்ந்த சிக்கல்கள் இரு பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன, பெண்களின் வாழ்க்கைச் சுகத்தைக் கேட்டறிந்து மதிப்பிட்டபோதும் இரு பிரிவுகளுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. எந்த நன்மைக்காகப் பழைய வழியை விட்டார்களோ, அந்த நன்மையே சில வாரங்களுக்குப் பின் அளவிட முடியாத அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. அதன்பிறகு பல நாட்டுச் சங்கங்களும் தங்கள் நெறிமுறைகளைத் திருத்தி, திறந்த அறுவையையே முதன்மையாக வைத்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 பிப்ரவரியில் ரோபோ அறுவையைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

மறந்துபோன கவ்வி

ஏன் இவ்வாறு ஆயிற்று? இதற்கு ஐயமற்ற விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அறுவையின் கடைசிக் கால் மணி நேரத்தைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பலமான சந்தேகம் எழாமற் போகாது. துளை வழியில் கருப்பையை இப்புறமும் அப்புறமும் சாய்த்துக் காட்டுவதற்குக் கைகள் உள்ளே இல்லையாதலால், யோனியின் வழியாக ஒரு கோலை நுழைத்து, புற்றுள்ள வாயையே துளைத்துச் சென்று கருப்பைக்குள் நிறுத்திவிடுகிறார்கள். உதவியாளர் கீழே அமர்ந்து அந்தக் கோலைத் திருப்பத் திருப்ப, மேலே கருப்பை திரும்புகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் புற்று இவ்விதம் அழுத்தப்படுகிறது. இறுதியில் கோலின் நுனியிலுள்ள வளையத்தின்மேல், வயிற்றின் உட்புறத்திலிருந்தே, யோனியைச் சுற்றி மின்கத்தியால் வெட்டுகிறார்கள். வெட்டு திறந்த கணத்தில் புற்றின் மேற்பரப்பு வயிற்றுக்குள் வெளிப்படுகிறது; அங்கே கரியமில வாயு சுழன்றுகொண்டிருக்கிறது; தலை தாழ்ந்து கிடக்கும் உடம்பில் சிந்துவதெல்லாம் மேல்வயிற்றை நோக்கி ஓடுகிறது.

வெர்ட்ஹைமின் கவ்வி இங்கே எங்கே போயிற்று? யாரும் அதை வேண்டாமென்று விவாதித்துத் தள்ளவில்லை. செங்கோணக் கவ்வி துளைக்குள் நுழையாது. கோலும் வளையமும் வேலையைச் சுலபமாக்கின. ஆகவே புற்றை மூடிவிட்டு வெட்டுதல் என்னும் அந்தப் படி, அறுவையின் பட்டியலிலிருந்து சந்தடியில்லாமல் நழுவிப் போயிற்று. முன்னோர் செய்த காரியத்தில் எது அலங்காரம், எது ஆணிவேர் என்று பிரித்தறியாமல் வழியை மட்டும் மாற்றினால் நேரக்கூடியது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்வந்த விவரங்கள் இந்தச் சந்தேகத்துக்கு வலுவூட்டுகின்றன. பாம்ப்லோனாவைச் சேர்ந்த லூயிஸ் சீவாவின் தலைமையில், ஐரோப்பிய நாடுகளில் 2013-14-இல் அறுவை பெற்ற 693 பெண்களின் குறிப்புகளைத் திரட்டிய ஆராய்ச்சியில், கருப்பைக் கோலைப் பயன்படுத்திய துளை வழி அறுவைகளில் நோய் திரும்பும் அபாயம் திறந்த அறுவையைவிட ஏறத்தாழ 2.8 மடங்காக இருந்தது. கோலைத் தவிர்த்தவர்களுக்கும், வெட்டுமுன் யோனியை மூடிக்கொண்டவர்களுக்கும் அபாயம் குறைந்து காணப்பட்டது. ஜெர்மனியில் கிறிஸ்ட்ஹார்ட் கோலர் முதலியோர், முதலில் கீழேயிருந்து ஷவுட்டாவின் முறைப்படி யோனிச் சுவரால் புற்றை மூடித் தைத்துவிட்டு, கோலே இல்லாமல் மேலேயிருந்து துளை வழியில் அறுவை செய்த 389 பெண்களின் விவரங்களை 2019-இல் வெளியிட்டார்கள். நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தோர் நூற்றுக்கு 95.8. இவையும் பின்னோக்கிப் பார்த்த குறிப்புகளே யாதலால், முன்பு நாம் குறை கூறிய கட்டுரைகளுக்கு வழங்காத நம்பிக்கையை இவற்றுக்கு மட்டும் வழங்குவது நியாயமாகாது. அதனாலேயே, புற்றை மூடிக்கொண்டு செய்யும் ரோபோ அறுவையைத் திறந்த அறுவையோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தவர் புதிய பரீட்சையொன்றைத் தொடங்கினார்கள்.

நூறாண்டுக்கு முன் குருவும் சீடனும் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு மூன்றாவது வழியொன்று வந்து விடை கூற முயன்று, தடுமாறி, மீண்டும் அவர்களிடமே பாடம் கேட்கப் போயிருக்கிறது. துளை வழி அறுவையைப் பழிக்க இந்த வரலாறு இடம் தரவில்லை. கருப்பை உடற்புற்றில் அதே வழி, முறையான பரீட்சைகளுக்கு உட்பட்டு, நோயாளிகளுக்குக் குறைவின்றி நன்மை செய்திருக்கிறது. தாம் கையாண்ட முறைக்கே பாதகமான முடிவைத் தாமே கண்டு, தாமே மேடையேறி வாசித்த ரமிரெஸ் முதலியோரின் நேர்மையும் இங்கே குறிக்கத்தக்கது. கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு: நன்மை உடனே தெரிந்து தீமை தாமதித்துத் தெரியும் மாற்றங்களைப் பரீட்சைக்கு முன்னாலேயே வழக்கமாக்கிவிடும் அவசரம். முதல் விரிந்த அறுவை துளை வழியில் நடந்ததற்கும், பரீட்சையின் முடிவு வாசிக்கப்பட்டதற்கும் இடையே கடந்த காலம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். பரீட்சையைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால், அதற்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது பத்து ஆண்டுகள்.

எந்த வழியாக எடுப்பது என்ற வாதம் இவ்வாறு நடந்துகொண்டிருக்கையிலேயே, எவ்வளவு எடுப்பது என்ற மற்றொரு வாதமும் முற்றியது. கனடாவின் மரீ பிளான்ட் தலைமையில், இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத புற்றுடைய 700 பெண்களைக் கொண்டு நடத்தி 2024-இல் வெளியிட்ட பரீட்சையில், வெர்ட்ஹைம் வகுத்த விரிந்த அறுவை பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் இடுப்புக்குழியில் நோய் திரும்பியோர் நூற்றுக்கு 2.17 என்றும், கருப்பையை மட்டும் எளிய முறையில் எடுத்தவர்களில் 2.52 என்றும் கணக்கு வந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு அறுவை நடந்ததும் துளை வழியாகவே. ஆனால் வழிகளை ஒப்பிடுவது அந்தப் பரீட்சையின் வேலையன்று. சிறு புற்றுக்குப் பெரிய அறுவை தேவைதானா என்ற அந்த வினாவையும், கருப்பைவாயை மட்டும் எடுத்துக் கருப்பையைக் காத்து, தாய்மைக்கு இடம் வைத்த டார்ஜானின் 1987-ஆம் ஆண்டு முயற்சியையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.